குறிஞ்சி, கூதிர், வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில்

செப்டம்பர் பிறந்தால் போதும், பயண நிறுவனங்களின் விளம்பரங்களில் ஒரு வரி தவறாமல் வரும். தம்பதிகளுக்கு ஒரு ரொமான்டிக் ஆட்டம் வீக்எண்ட், அழகான மலை நகரத்தில். பக்கத்தில் சிவந்த மேப்பிள் இலைகள் உதிர்ந்து கிடக்கும் பாதையில் கைகோத்து நடக்கும் இருவர். கீழே போட்டிருக்கும் ஊர் ஊட்டி. படத்தில் இருக்கும் காடு ஊட்டியில் எங்கே இருக்கு என்று தேடினால் கிடைக்காது. அது வேறு ஏதோ நாட்டின் படம்.

படத்தை விட்டுவிடலாம். அந்த வரியைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் நாலு விஷயம் இருக்கு: ஒரு பருவம், ஒரு மலை நகரம், ஒரு வார இறுதி, அப்புறம் 'இருவர் மட்டும்' என்ற ஏற்பாடு. நாலுக்கும் வேறு வேறு வயது. ஒன்று சங்ககாலத்துக்குப் போகிறது, ஒன்று கம்பெனி ஆட்சிக்கு, ஒன்று தொழிற்சாலைச் சட்டத்துக்கு. நாலாவதுதான் நம்மூரில் ரொம்பப் புதுசு. நான் பார்த்தவரை, மலைப்பயணத்தின் வரலாறு என்று எழுதுபவர்கள் முதல் மூன்றை எழுதிவிட்டு நாலாவதைத் தொடுவதே இல்லை. உண்மையான கதை அங்கேதான் இருக்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

நமக்கு இலையுதிர் காலம் உண்டா?

தமிழில் பருவம் ஆறு: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இந்த ஆறில் இலை உதிர்வதற்கென்று ஒரு பருவம் இல்லை. 'இலையுதிர் காலம்' என்பது பாடப்புத்தகம் வழியாக நம்மிடம் வந்த சொல். நம்மூர் இலையுதிர் காடுகளில் இலை கொட்டுவதும் அக்டோபரில் இல்லை, மழை முடிந்து வெயில் ஏறத் தொடங்கும் மாதங்களில்தான். நீலகிரியின் உச்சியில் அதுவும் கிடையாது. சோலைக்காடுகள் வருஷம் முழுக்கப் பச்சை. நடுவில் சிவப்பாகத் தெரிவது பெரும்பாலும் புதுத் தளிர், பழுத்த இலை இல்லை. சாலை ஓரத்தில் வாசனையோடு நிற்கும் யூகலிப்டஸ் மரங்கள் 1840களில் இருந்து ஆஸ்திரேலிய விதையில் வளர்ந்தவை. அவையும் பருவம் பார்த்து இலை கொட்டுவதில்லை.

ஆனால் ஊட்டிக்காரர்களுக்கு ஒரு 'செகண்ட் சீசன்' உண்டு. செப்டம்பர், அக்டோபர். தாவரவியல் பூங்காவில் இதற்கென்றே பூந்தொட்டிகளைத் தயார் செய்வார்கள். இதன் காரணம் எளிமையானது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை நீலகிரியின் மேற்கு விளிம்பில் கொட்டும். குந்தா மலைத்தொடருக்குப் பின்னால் இருப்பதால் ஊட்டிக்கு அதன் முழு வேகம் வராது என்றாலும் சாரலும் மூட்டமும் விடாது. செப்டம்பர் பாதியில் அது தளரும். வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். நடுவில் கிடைக்கும் சுமார் ஐந்து வார இடைவெளிதான் விளம்பரம் சொல்லும் 'ஆட்டம்'. இரண்டு மழைக்கு நடுவில் ஒரு மூச்சு, அவ்வளவுதான்.

அந்த இடைவெளி முடிந்தபின் மலை ஆபத்தான இடமாக மாறலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் சரிவில் வீடு கட்டி வாழ்ந்தவர்கள்.

இப்போது சங்க இலக்கணத்துக்கு வருவோம். தொல்காப்பியம் அகத்திணையியலில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பெரும்பொழுது, ஒரு சிறுபொழுது சொல்கிறது. குறிஞ்சிக்கு, அதாவது மலைக்கும் மலை சார்ந்த இடத்துக்கும், பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். சிறுபொழுது யாமம், நள்ளிரவு. உரிப்பொருள் புணர்தல். கூதிர் என்றால் ஐப்பசியும் கார்த்திகையும். நம் நாட்டில் ஐரோப்பியரின் 'ஆட்டம்' என்ற சொல்லுக்கு நெருங்கி வரும் பருவம் அதுதான். மலை, அந்தப் பருவம், காதலர் இருவர். விளம்பர வரி அப்படியே இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இலக்கணமாக இருக்கு!

இங்கே நிறுத்திவிட்டு 'பாருங்கள், தேனிலவைக் கண்டுபிடித்ததே தமிழன்தான்' என்று முடித்தால் வாட்ஸ்அப்பில் நன்றாக ஓடும். ஆனால் இடிக்கிறது. குறிஞ்சிப் பாட்டின் காதலர்கள் மலைக்குப் போனவர்கள் இல்லை. அங்கேயே இருப்பவர்கள். அவள் தினைப்புனம் காப்பவள். அவன் பக்கத்து மலைக்காரன். இருவர் ஊரைவிட்டுக் கிளம்பிப் போவதற்கு வேறு பெயர் உண்டு: உடன்போக்கு. அது நடப்பது பாலையில், வெயிலில், வழிப்பறிக்காரர் பயத்தோடு. ஊர் சுற்றிப் பார்க்க யாரும் மலை ஏறவில்லை.

அப்படியென்றால் குறிஞ்சிக்கு ஏன் கூதிரும் யாமமும்? மழை, கும்மிருட்டு, ஆற்றில் வெள்ளம், பாதையில் யானை. ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறது. குறிஞ்சியில் பெரும்பகுதி களவு, கல்யாணத்துக்கு முந்தைய ரகசியச் சந்திப்பு. அதற்கு வேண்டியது அடுத்தவர் கண் இல்லாத இடமும் நேரமும். அந்தப் பருவமும் அந்தப் பொழுதும் அதைத்தான் தருகின்றன. இந்த ஒரு குறிப்பை மனசில் வைத்துக்கொண்டு மலை நகரத்துக்குப் போவோம்.

மலை நகரம் யாருக்காகக் கட்டப்பட்டது?

ஊட்டி காதலர்களுக்காகக் கட்டப்படவில்லை. நோயாளிகளுக்காகக் கட்டப்பட்டது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819 ல் நீலகிரி ஏறினார். 1822 ல் ஊட்டியில் ஸ்டோன் ஹவுஸ் கட்டத் தொடங்கினார். தோடர்களிடமிருந்து நிலம் ஏக்கருக்கு ஒரு ரூபாய்க்கு வாங்கப்பட்டது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. தோடர்களின் மந்து இருந்த, அவர்களுடைய எருமைகள் மேய்ந்த புல்வெளிகளின் நடுவில் ஐரோப்பியச் சிப்பாய்களும் அதிகாரிகளும் காய்ச்சலிலிருந்து தேறி எழ ஒரு சுகவாச ஊர் எழுந்தது. இன்று ஜோடிகள் படகில் போகும் ஏரியும் சல்லிவன் காலத்து வேலைதான், 1820களில் ஓடையை மறித்துக் கட்டியது.

ஊட்டியில் குடித்தனம் போட்ட முதல் ஐரோப்பியத் தம்பதி என்று சல்லிவனையும் அவர் மனைவி ஹென்ரிட்டாவையும் சொல்லலாம். 1838 ல் ஹென்ரிட்டாவும் அவர்களுடைய மகளும் இறந்தார்கள். இருவரும் செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் கல்லறையில் இருக்கிறார்கள். மூன்று வருஷத்தில் சல்லிவன் இங்கிலாந்து திரும்பிவிட்டார். அந்த சர்ச்சின் மர உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. இன்று சர்ச் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கும் ஜோடிகளில் எத்தனை பேர் பின்னால் இருக்கும் கல்லறைப் பக்கம் போகிறார்கள் என்று தெரியவில்லை. போய்ப் பார்க்கலாம். மலை ஊரின் ஆரம்பக் கதை அங்கேதான் படுத்திருக்கு.

வெள்ளைக்காரர் காலத்து மலை ஊர் தம்பதிகளைச் சேர்த்து வைத்ததைவிடப் பிரித்து வைத்ததுதான் அதிகம். கணவனுக்குச் சமவெளியில் உத்தியோகம். மனைவியும் குழந்தைகளும் வெயில் மாதங்களில் மலையில். மாதக்கணக்கில் கடிதம்தான். அப்படி எழுதப்பட்டதில் மிகப் புகழ்பெற்ற ஊட்டிக் கடிதம் 1877 ல் வைஸ்ராய் லிட்டன் தன் மனைவிக்கு எழுதியது. ஊட்டியை சொர்க்கம் என்றே சொல்கிறார். அங்கே பெய்யும் மழையும் மிதிபடும் சேறும்கூட இங்கிலாந்து மாதிரியே இருப்பதாக உருகுகிறார். சுற்றுலாக் கட்டுரைகளில் இன்றைக்கும் அதை எடுத்துப் போடுவார்கள்.

அவர் எதற்காக அந்த வருஷம் தெற்கே வந்தார் என்பதை மட்டும் போட மாட்டார்கள். 1876 முதல் 1878 வரை மெட்ராஸ் மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம். அதைப் பார்க்கத்தான் லிட்டன் வந்தார். சேலத்திலும் பெல்லாரியிலும் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த அதே வருஷத்தில், மலை உச்சியிலிருந்து மனைவிக்கு மழையைப் பற்றி ஒரு காதல் கடிதம். கடிதத்தில் அன்பு பொய் இல்லை. மலை என்ற ஏற்பாட்டின் வேலையே கீழே நடப்பதைக் கண்ணிலிருந்து மறைப்பதுதான் என்று மட்டும் புரிந்துகொள்கிறேன். 1870களுக்குப் பிறகு மெட்ராஸ் அரசாங்கமே வருஷத்தில் பல மாதங்கள் ஃபைல்களோடு ஊட்டிக்குக் குடியேறியது. மெட்ராஸ் பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. வழக்கம் நிற்கவில்லை.

எங்க ஊர் தண்டவாளம்

இந்த இடத்தில் பட்டாபிராம் கதைக்குள் வருகிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. ஆவடி தாண்டி, இன்று இந்து கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர் என்று லோக்கல் ரயில் நின்று நின்று போகும் தடம் அதுதான். ஊட்டிக்குப் போகும் வழி அந்தத் தடத்தின் மேல் துண்டு துண்டாக வளர்ந்தது:

1862: பாதை போத்தனூர் வழியாக பேப்பூர் வரை முடிந்தது.
1873: மேட்டுப்பாளையம் கிளை. மெட்ராஸ் சென்ட்ரல் ஸ்டேஷன் திறந்ததும் அதே வருஷம்.
1899: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயில்.
1908: குன்னூரிலிருந்து ஊட்டி.

1834 ல் மெக்காலே மெட்ராஸில் கப்பல் இறங்கி, ஊட்டியில் இருந்த கவர்னர் ஜெனரல் பென்டிங்கைப் பார்க்கப் போனபோது சுமார் 400 மைல் பல்லக்கில் போனார். அதாவது நம்மாட்கள் தோளில். போய்ச் சேர்ந்தபின் ஊட்டி மழையைப் பற்றி அலுத்துக்கொண்டார். ஆட்கள் தோள்மாற்றித் தூக்கிப் போன தூரம் எழுபத்தைந்து வருஷத்துக்குள் முழுவதுமாகத் தண்டவாளத்துக்கு வந்தது.

மலை ரயில் ஒரு தனிப் பதிவுக்கான விஷயம், சுருக்கமாகச் சொல்கிறேன். 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் ஏற்றம் 12 க்கு 1. அதாவது 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற வேண்டும். சாதாரண சக்கரம் அங்கே வழுக்கிவிடும். அதனால் தண்டவாளத்துக்கு நடுவில் பற்சட்டம் பதித்து, இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும். 2005 ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நீலகிரி எக்ஸ்பிரஸ் தினமும் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் சென்ட்ரலை விட்டுக் கிளம்பி இந்த வழியாகத்தான் போகிறது. பட்டாபிராமில் நிற்காது. எங்க ஊர்க்காரர்கள் ஊட்டி போகணும்னா முதலில் லோக்கல் பிடித்து எதிர்த்திசையில் சென்ட்ரல் போய், ரயில் ஏறி, தன் வீட்டையே ஜன்னல் வழியாகக் கடந்து போக வேண்டும். வண்டி எப்போதும் பக்கத்தில் இருந்தது. ஏறுவதற்கு ரொம்ப காலம் ஆனது. இதற்குக் காரணம் பணம் மட்டும் என்று முதலில் நினைத்தேன். பணமும்தான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கு.

புதுமணத் தம்பதிகள் எங்கே போனார்கள்?

கல்யாணம் ஆன ஜோடி நம்மூரில் பயணமே போகவில்லை என்று சொல்ல முடியாது. முதல் வருஷம் முழுக்கப் பயணம்தான். மறுவீடு. அப்புறம் மாமா வீட்டு விருந்து, சித்தப்பா வீட்டு விருந்து, அத்தை கோவிச்சுக்குவாங்கன்னு அங்கே ஒரு நாள். குலதெய்வம் கோயில். ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள், அதாவது ஜோடியைப் பிரிக்க ஒரு பயணம். ஐப்பசியில் தலை தீபாவளி, பெண் வீட்டுக்கு. கூதிர் காலத்தில் நம் புதுமணத் தம்பதிகளுக்கு விதிக்கப்பட்ட பயணம் மலைக்கு இல்லை, மாமியார் வீட்டுக்கு. அங்கே மாப்பிள்ளைக்கு மோதிரம் உண்டு, அதிரசம் உண்டு, நாலு தலைமுறை சொந்தம் உண்டு. தனிமை மட்டும் கிடையாது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. கல்யாணம் என்பது இரண்டு குடும்பத்தின் இணைப்பு என்று நினைத்த சமூகம், இணைப்பை உறுதி செய்யும் பயணங்களைத்தான் வடிவமைத்தது. இருவர் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள என்று ஒரு பயணத்தை வைக்கவில்லை. அதற்கு வீட்டிலும் இடம் இல்லை. ஆவடி, பட்டாபிராம் பக்கம் தொழிற்சாலை, ரயில்வே, ராணுவம் என்று வேலை செய்தவர்களின் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு கூடம், ஒரு அறை, சமையல்கட்டு. ஏழு பேர். புது ஜோடிக்கு அறையைக் கொடுத்தாலும் சுவர் மெல்லிசு.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஊழியர் ஒருவர் தன் ஆல்பத்தைக் காட்டினார். 1978. ஊட்டி தாவரவியல் பூங்கா, கருப்பு வெள்ளை. ஒன்பது பேர் வரிசையாக நிற்கிறார்கள். "யார் சார் இதெல்லாம்?" என்றேன். "கல்யாணம் ஆகி ஆறு மாசம். எல்.டி.சி.ல போனோம். அம்மா, அப்பா, தங்கச்சி, அவங்க வீட்லேர்ந்து ரெண்டு பேர்..." என்று விரல் விட்டார். "ஹனிமூன்தான்!" என்று அவர் மனைவி உள்ளேயிருந்து சொல்லிச் சிரித்தார். சிரிப்பு நல்லாத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே வெளியே வந்து, "ஏரிக்கரையில ஒரு பத்து நிமிஷம் ரெண்டு பேரும் தனியா நடந்தோம். எங்க மாமனாருக்குத் தலை சுத்துதுன்னு எல்லாரும் உக்காந்துட்டாங்க. அந்தப் பத்து நிமிஷம் இன்னும் ஞாபகம் இருக்கு" என்றார்.

எல்.டி.சி. என்ற விடுமுறைப் பயணச் சலுகை மத்திய அரசு ஊழியர்களுக்கு 1950களில் வந்தது. ரயில்வே ஊழியர்களுக்கு பாஸ். எங்கள் வட்டாரத்தில் பல குடும்பங்கள் முதல் முதலாக மலையைப் பார்த்தது இந்த இரண்டால்தான். சலுகை குடும்பத்துக்கானது. மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் என்று விதியிலேயே பட்டியல் இருக்கு. எல்லாருக்கும் டிக்கெட் கிடைக்கும்போது அம்மாவை விட்டுவிட்டுப் போனால் ஊர் என்ன சொல்லும்?

'தேனிலவு' என்ற சொல் அதற்கு முன்பே பரவிவிட்டது. 1961 ல் ஸ்ரீதர் எடுத்த 'தேன் நிலவு' காஷ்மீரில் படமாக்கப்பட்டது. கதையைக் கவனியுங்கள். மறுமணம் செய்துகொண்ட பணக்காரர் தங்கவேலு தேனிலவுக்கு காஷ்மீர் போகிறார், வயதுவந்த மகளையும் கூட்டிக்கொண்டு. தேனிலவு என்று பெயர் வைத்த படத்திலேயே இருவர் மட்டும் போகவில்லை! அன்று தியேட்டரில் அது நகைச்சுவையாக எடுபட்டது என்றால், பார்த்தவர்களுக்கு அந்த நிலைமை பழக்கமானது என்று அர்த்தம்.

அடுத்த முப்பது வருஷம் சினிமா மலையை ஜோடிகளின் இடமாக மாற்றியது. டூயட் வந்தால் ஊட்டி, கொடைக்கானல். 1982 ல் பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' கேத்தி பள்ளத்தாக்கில் ஒரு வீட்டில் இருவரைத் தனியாக வைத்துப் பார்த்தது. 1992 ல் 'ரோஜா' வந்தபோது காஷ்மீரில் படம் எடுக்கும் நிலைமை இல்லை. குன்னூரும் ஊட்டியும் மணாலியும் காஷ்மீராக நடித்தன. இன்னொரு செய்தி: அந்தக் கருப்பு வெள்ளைக் காலத்துக்கு ஃபிலிமும் போட்டோ பேப்பரும் கொடுத்ததில் ஊட்டியிலேயே இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1960 ல் தொடங்கி 1967 ல் உற்பத்திக்கு வந்த அரசு ஆலை. பிராண்டின் பெயர் 'இந்து'. ஊட்டியில் எடுத்த படத்தை ஊட்டியில் செய்த பேப்பரில் பிரின்ட் போட்டு பட்டாபிராமில் ஆல்பத்தில் ஒட்டி வைத்திருந்த வீடுகள் கண்டிப்பாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி

வார இறுதி என்ற சொல்லும் இதே வேகத்தில்தான் வந்தது. 1948 தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேர வேலை, ஒரு நாள் விடுமுறை என்று வைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஊட்டி போய்த் திரும்ப முடியாது. மத்திய அரசு அலுவலகங்கள் ஐந்து நாள் வாரத்துக்கு மாறியது 1985 ல். தொண்ணூறுகளில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் அதையே வழக்கமாக்கின. ஷிஃப்ட் பார்த்துப் போன ஊரில் 2024 நவம்பரில் 21 தளங்களோடு டைடல் பார்க் திறந்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை மூடினால் திங்கள் காலை வரை நேரம் உன்னுடையது என்ற எண்ணம் எங்கள் அப்பாக்களுக்குத் தெரியாத எண்ணம்.

பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெள்ளி ராத்திரி 9 மணிக்கு சென்ட்ரல். சனி காலை ஆறேகால் வாக்கில் மேட்டுப்பாளையம். 7.10 க்கு மலை ரயில், நண்பகலில் ஊட்டி. ஞாயிறு மதியம் 2 மணிக்கு மலை ரயில் இறங்கும், ராத்திரி மறுபடி நீலகிரி, திங்கள் விடிகாலை சென்னை. மொத்தம் சுமார் 57 மணி நேரம். அதில் வழியில் 31, ஊட்டியில் 26. பயணம் தங்குவதைவிட நீளம்! இருந்தும் போகிறார்கள். ஏன் என்று நாலைந்து இளம் தம்பதிகளிடம் கேட்டேன். குளிர் என்று யாரும் முதலில் சொல்லவில்லை. "யாரும் கதவைத் தட்ட மாட்டாங்க" என்றார் ஒருவர். "ரயில்லயே ஆரம்பிச்சிடுது சார், போன்ல டவர் போனதும்" என்றார் இன்னொருவர்.

குறிஞ்சிக்குச் சொன்ன கூதிரும் யாமமும் எனக்கு இங்கேதான் புரிந்தது. மழைக்காலத்து நள்ளிரவு மலைக்கிராமத்துக்கு என்ன செய்ததோ, அதை வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் பட்டாபிராமுக்குச் செய்கிறது. இரண்டு நாளைக்கு அடுத்தவர் கண்ணிலிருந்து விடுதலை. மேப்பிள் இலை எல்லாம் மேல் அலங்காரம்.

கதவும் கண்ணும்

ஆனால் கண் முழுசாக விடுவதில்லை. பல விடுதிகளின் வரவேற்பு மேஜையில் ஆதார் அட்டையைப் பார்ப்பதோடு பெண்ணின் கழுத்தையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். 2019 ல் கோவையில் ஒரு தங்கும் விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். சொன்ன காரணங்களில் ஒன்று, கல்யாணம் ஆகாத ஜோடிகளுக்கு அறை கொடுத்தது. அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: திருமணமாகாத இருவர் விடுதி அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. களவுக்கு இலக்கணம் எழுதிய மொழி பேசும் நாட்டில் இதை ஒரு நீதிமன்றம் 2019 ல் சொல்ல வேண்டி வந்தது.

இன்னொரு பக்கம், தனிமை தேடிப் போகிறவர்கள் கூட்டமாகப் போகிறார்கள். நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் கோடை சீசனுக்கு உச்சவரம்பும் வைத்தார்கள். நீலகிரிக்கு வாரநாட்களில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. எட்டாயிரம் வண்டி என்பது கட்டுப்படுத்திய பிறகான எண் என்பதை யோசித்துப் பாருங்கள். நோயாளிக்காகக் கட்டிய ஊர், அதற்கு முன் எருமை மேய்ந்த ஊர், இப்போது மூச்சு வாங்குகிறது. தண்ணீரும் சரிவும் அங்கே இருப்பவர்களுடையவை. இரண்டு நாள் தனிமைக்கு நாம் கொடுக்கும் அறை வாடகையில் அந்தக் கணக்கு இல்லை.

அதனால் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. அந்தப் பத்து நிமிஷ ஏரிக்கரை நடையைக் கேட்டபின் எப்படிச் சொல்வது? போகிறவர்கள் செப்டம்பர் பாதிக்கும் அக்டோபர் பாதிக்கும் நடுவில், முடிந்தால் வாரநாளில், ரயிலில் போங்கள். ரயிலுக்கும் அரசு பஸ்ஸுக்கும் இ-பாஸ் வேண்டாம், மலைக்கும் பாரம் குறைவு. ஐப்பசி அடைமழை எச்சரிக்கை வந்தால் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வீட்டிலேயே இருங்கள். நீலக்குறிஞ்சியோடு சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால், 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் அது 2018 ல் பூத்தது. அடுத்தது 2030.

ஆனால் இருவருக்குத் தனியாகப் பேச 31 மணி நேரப் பயணம் தேவைப்படுகிற ஒரு வீட்டமைப்பு நம்முடையது என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கு. நான் இப்போது எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வருகிறேன்: "கல்யாணம் ஆகி முதல் முதல்ல நீங்க ரெண்டு பேர் மட்டும் எங்க போனீங்க?" திருநின்றவூர் கோயில், ஆவடியில் செகண்ட் ஷோ, மெரினா, மருந்து வாங்க சென்ட்ரல் ஆஸ்பத்திரி வரை என்று பதில்கள் வருகின்றன. ஒரு பாட்டி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்படி எங்கயும் போனதில்லையேப்பா" என்றார். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது அவர்கள் இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். பதில் ஒன்றாக இருக்காது.